கூடுதல் கணக்கு

தை மாதம் எங்கள் செவலைக்கோழி அடைக்குப் படுத்தது. கிட்டே போனால் சிறகை உப்பிக்கொண்டு உறுமியது. அம்மா கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு 11 முட்டை அடுக்கினாள். இடிக்கு முட்டை கலங்காமலிருக்க ஓர் ஆணி, ஒரு கரித்துண்டு, இரண்டு வரமிளகாய்.

"தையில ஏதும்மா இடி?"

"நீ காவலை மட்டும் பாரு."

பார்த்தேன். கோழிக்கூண்டுக்குக் கம்பிவலை அடித்தேன். கீரி, பாம்பு, பெருச்சாளி ஒன்றையும் விடுவதில்லை என்று ராத்திரி டார்ச்சோடு இரண்டு தடவை ரோந்து. பயந்தது பக்கத்து வீட்டுக்காரர் மட்டும்தான்.

ஒன்பதாம் நாள் செவலை இரைக்கு இறங்கியது. அடைக்கோழி நாளுக்கு ஒருமுறை இறங்கி, அள்ளித் தின்று, மண்ணில் புரண்டு, தெருவே மூக்கைப் பொத்தும்படி ஓர் எச்சம் போட்டுவிட்டுத் திரும்பும். அந்த இடைவெளியில் முட்டைகளை எண்ணினேன். 16.

முப்பது வருஷம் வங்கியில் பணம் எண்ணியவன் நான். பெட்டியில் குறைந்தாலும் வம்பு, கூடினாலும் வம்பு.

"வலைக்குள்ள வேற யாரைடா விட்டு வச்சே?" என்றாள் அம்மா.

மற்ற நாலு கோழிகளும் உள்ளேதான் இருந்தன. முட்டை கிடக்கிற இடம்தான் கோழிக்கு முட்டையிடத் தோதான இடம். செவலை இறங்கினால் கறுப்பி ஏறும். இறங்காவிட்டாலும் இடித்து நெருக்கி இட்டுவிட்டு, வெளியே வந்து ஊரைக் கூட்டிக் கேறும். 16 முட்டைக்குச் செவலையின் வயிறு போதாது. 21ஆம் நாள் முதல் குஞ்சுகள் வந்ததும், ஓரிரு நாளில் தாய் அவற்றோடு கிளம்பிவிடும். பிந்தி வந்த முட்டைகள் பாதிக் கருவோடு விறைக்கும்.

எது பழசு, எது புதுசு? வைத்த அன்றே கரிக்கோடு இழுத்திருக்க வேண்டுமாம். கரி கூடையிலேயே கிடந்தது. இடிக்கு என்றல்லவா நினைத்திருந்தேன்!

அன்று ராத்திரி டார்ச் ஒருவழியாகப் பயன்பட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நரம்போடிக் கருத்திருந்த பத்தை வைத்துக்கொண்டோம். கூடையைப் பஞ்சாரத்தால் மூடி, காலையில் மட்டும் திறந்துவிட்டோம். அப்படியும் ஒருநாள் செவலை பக்கத்துக் காலிக்கூடையில் ஏறி, வெறும் வைக்கோலை வெகு மும்முரமாக அடைகாத்தது. என் உத்தியோக காலம் ஞாபகத்துக்கு வந்தது. தூக்கி இடம் மாற்றினேன், கொத்து வாங்கினேன்.

எட்டுக் குஞ்சு பொரித்தது.

பங்குனிக் கடைசியில் கறுப்பி அடைக்குப் படுத்தது. பத்து முட்டை, பத்திலும் கரிக்கோடு. நேற்று எண்ணினேன்: 12. இரண்டில் கோடில்லை. செவலை வெளியே கேறிக்கொண்டிருந்தது.