அரைநாள் தூண்டிலுக்கு உகந்த ஏரி: நசரத்பேட்டையை மையமாகக் கொண்ட ஓர் ஆய்வு

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையை ஒட்டிய நசரத்பேட்டையிலிருந்து தூண்டிலோடு கிளம்புகிறவர் எந்த ஏரிக்குப் போவது என்ற கேள்வியை இதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் முனைவர் பட்டத்துக்கு ஏற்றதாகக் காணவில்லை. சென்னை மாகாண சிவில் அதிகாரியாக இருந்த எச்.எஸ். தாமஸ், இந்திய ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 1887-ல் தனி நூல் எழுதினார். ஆனால் அவர் காலத்தில் வெளிவட்டச் சாலை கிடையாது. மதியச் சாப்பாட்டுக்குள் வீட்டில் இருந்தாக வேண்டும் என்ற நெருக்கடி வெள்ளைக்கார துரைக்கு இருந்திருக்கவும் வாய்ப்பில்லை. ஆகவே இத்துறையை அடியிலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கிறது. இக்கட்டுரை நிறுவ முயல்வது ஒன்றே: அரைநாள் பயணத்துக்கு மீன் நிறைய உள்ள ஏரியைத் தேடுவது வீண், வெறுங்கையோடு திரும்பினாலும் மானம் போகாத ஏரியே உகந்த ஏரி.

முதல் சான்று வட அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்குள்ள ஏரிகளில் மஸ்கி என்றொரு பெரிய வேட்டை மீன் உண்டு. பத்தாயிரம் முறை வீசினால் ஒருமுறை அகப்படும் மீன் என்று அதற்குப் பெயர். நிமிடத்துக்கு ஒரு வீச்சு, காலை நாலு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு ஞாயிறுக்கு 240 வீச்சு. பத்தாயிரத்தை எட்ட 42 ஞாயிறு ஆகும். இடையில் வரும் கல்யாணம், காதுகுத்து, மழை எதையும் நான் கழிக்கவில்லை. இப்படிக் கைக்கு எட்டாத மீனை விஸ்கான்சின் மாநிலம் 1955-ல் தன் மாநில மீனாகவே அறிவித்தது. காரணம் தேடினால் ஒன்று புலப்படும். மஸ்கி தூண்டில் இரையைப் படகு வரைக்கும் பின்தொடர்ந்து வந்து, பார்த்துவிட்டு, கடிக்காமல் திரும்பிவிடும். அப்படி வந்துபோன மீனையும் அவ்வூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். மீன் கண்ணில் பட்டுவிட்டால் போதும், தோல்வி பாதி வெற்றியாகிவிடுகிறது.

நம்மூரில் இந்தத் தகுதி விராலுக்கு மட்டுமே உண்டு. கெண்டையும் ஜிலேபியும் தண்ணீருக்கடியில் இருப்பதாக நாம் நம்பத்தான் வேண்டும். விரால் அப்படியல்ல. காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கியே தீர வேண்டும். மேலே வர முடியாமல் போனால் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துவிடும். எனவே தவளையைக் கோத்துப் போட்டுவிட்டுக் கரையில் காத்திருப்பவருக்கு எதிரில் அது 'பளக்' என்று ஒரு புரட்டுப் புரண்டு, தன் இருப்பை நிரூபித்துவிட்டு உள்ளே போகும். வீட்டில் சொல்வதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? ஒரே ஒரு எச்சரிக்கை: செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தோடு திரியும் விரால் குஞ்சுகளைக் காக்க எதையும் பாய்ந்து கடிக்கும். அப்போது அதைப் பிடிப்பது தூண்டில்காரருக்கு அழகல்ல.

இனி ஏரிகள். ஆவடி சாலையில் உள்ள பருத்திப்பட்டு ஏரியைப் பூங்காவும் படகுமாக ஆக்கிவிட்டார்கள், நடைப்பயிற்சிக்காரர் ஒவ்வொருவரும் நின்று "என்ன சார், ஏதாச்சும் மாட்டுச்சா?" என்று கேட்பார். தோல்விக்கு இத்தனை சாட்சி ஆகாது. கொரட்டூர் ஏரியின் கழிவுநீர் விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அங்கே மீன் கிடைத்துவிடுவதுதான் சிக்கல். போரூரைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ சொல்ல ஒன்றுமில்லை. புழலுக்கு ஒரு கவர்ச்சி உண்டு: பக்கத்திலேயே காவாங்கரை மீன் சந்தை. உயிரோடு துள்ளும் விராலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் சந்தை இருக்கும் இடத்தில் தோல்வி என்று ஒன்று இருக்க முடியாது. தோல்வியே இல்லாத இடத்தில் தூண்டிலுக்கு என்ன வேலை?

மிஞ்சுவது செம்பரம்பாக்கம். நசரத்பேட்டைக்கு அடுத்த ஊர். முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி. இந்த எண்களில் அன்றைய நிலவரம் என்ன, வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்று மழைக்காலம் முழுக்க நாளிதழ்கள் அச்சிட்டுத் தருகின்றன. மீன் கிடைக்காததற்கான காரணம் காலைக் காபியோடு வீட்டு வாசலுக்கே வருகிற வசதி விஸ்கான்சினிலும் இருக்காது. நீர்மட்டம் ஏறியிருந்தால் மீன் கலைந்துவிட்டது. இறங்கியிருந்தால் நடு ஏரிக்குப் போய்விட்டது. 19 கண் மதகைத் திறந்திருந்தால் அடையாறு வழியாகக் கடலுக்கே போய்விட்டது. 2019 கோடையில் ஏரியே வற்றிக் கிடந்தது. அந்த ஆண்டு காரணம் சொல்லும் சிரமம்கூட இல்லை. இடத்தைப் பொறுத்தவரை, மதகுப் பக்கத்து ஆழம் நமக்கு உதவாது. விரால் விரும்புவது கோரையும் பாசியும் மண்டிய ஆழமில்லாத ஓரம்.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் வரும். ஏரி இவ்வளவு பக்கத்தில் இருந்தால் தாமதத்துக்கு என்ன சாக்கு என்பது முதலாவது. பெங்களூர் நெடுஞ்சாலையும் வெளிவட்டச் சாலையும் சந்திக்கும் இடத்தை ஞாயிறு மதியம் கடந்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். இரண்டாவது, சற்று கனமானது: இது குடிநீர் ஏரி, காவல் உண்டு; பொதுவாகவே ஏரிகளில் மீன்பாசி உரிமை குத்தகைக்குப் போய்விடுவதால் கண்டவர் தூண்டில் போட முடியாது. உண்மை. அனுமதி கேட்டுத்தான் ஆக வேண்டும், மறுத்தால் திரும்பித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த மறுப்பு என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. மீன் ஏமாற்றினால் பழி தூண்டில்காரர் மேல். அதிகாரி தடுத்தால் பழி அரசாங்கத்தின் மேல். திறமைக்கு ஒரு கீறலும் இல்லை.

அனுமதியும் கிடைத்து, விராலும் அகப்பட்டுவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். 42 ஞாயிறில் ஒருமுறை அது நடக்கக்கூடும் என்பதை மேலே கண்ட கணக்கே ஒப்புக்கொள்கிறது. இதற்கான விடை ஏரிக்கு அந்தப் பக்கம், குன்றத்தூரில் இருக்கிறது. அவ்வூரில் பிறந்த சேக்கிழார் பாடிய நாயன்மார்களில் ஒருவர் நாகப்பட்டினத்து மீனவரான அதிபத்தர். வலையில் விழும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவர் வழக்கம். வலையில் ஒரே ஒரு மீன் விழுந்த நாளிலும் அதை விட்டார், அது பொன்மீனாக இருந்த நாளிலும் விட்டார். மஸ்கி பிடிப்பவர்களும் இன்று பிடித்த மீனைப் பெரும்பாலும் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். நசரத்பேட்டைக்காரரும் அகப்பட்ட விராலை ஏரியிலேயே விட்டுவிட்டு, பையை உதறி மடித்துக்கொண்டு வரலாம். வீட்டில் நம்புவார்களா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு உட்பட்டதல்ல.