‘ம்’ என்னும் அரை மாத்திரை: பாரிவாக்கத்தில் நிகழ்ந்த ஒரு கள ஆய்வு

தகவல் வெள்ளத்தை மனித மூளை எப்படிச் சமாளிக்கிறது என்று கண்டறிய மேலை நாடுகளில் மூளைக்குள் படம் பிடிக்கும் பெரிய பெரிய இயந்திரங்களை வைத்திருக்கிறார்கள். இவ்வாய்வாளரிடம் இருந்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அது பாரிவாக்கத்தில், பூந்தமல்லி–ஆவடி சாலையின் இரைச்சல் எட்டும் தூரத்தில், இரண்டாவது மாடி வீட்டுக் கூடத்தில் போடப்பட்டது. ஆய்வுக்குட்பட்டவர் இவ்வாய்வாளரே. மேற்பார்வை, அவர் மனைவி. அவருக்கு ஆய்வு நடப்பது தெரியாது, தெரிந்திருந்தால் நடந்திராது.

ஞாயிறு காலை ஒன்பது மணி. சாலையில் லாரிகளின் ஹாரன். தெருவில் குட்டி யானை வண்டி ஒலிபெருக்கியில் ‘நாலு கிலோ வெங்காயம் நூறு ரூபா’. டிவியில் பட்டிமன்றம். கைப்பேசியில் குடியிருப்போர் குழு: மோட்டார் ஏன் ஓடவில்லை என்று நாற்பத்து மூன்று செய்திகள், ஓடாததற்கு யார் காரணம் என்று மேலும் பதினொன்று. பள்ளித் தோழர் குழுவில் ரோஜாப்பூவுடன் காலை வணக்கங்கள். இத்தனைக்கும் நடுவே சமையலறையிலிருந்து:

“ஏங்க, பூந்தமல்லி போறீங்கல்ல, தயிர் வேணும், புதினா ஒரு கட்டு, அப்பாவோட பிரஷர் மாத்திரை, வர்ற வழியில அயர்ன் துணி, அப்புறம் தைக்கக் குடுத்த என் செருப்பு. கேக்குதா?”

“ம்.”

ஆய்வின் பொருள் இந்த ‘ம்’ தான். மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்பது இலக்கணம். ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம். (அப்பாவின் மாத்திரை வேறு, அது பின்னர் வரும்.) ஆக, ஐந்து வேலைகளுக்கும் சேர்த்து மூளை செலவிட்டது அரை இமைப்பு. இரண்டு உதடும் ஒட்டினாலே பிறந்துவிடும் எழுத்து. வாயைத் திறக்கும் உழைப்புகூட வேண்டாம். ‘ப்’பும் அப்படியே பிறக்கிறது என்று இலக்கணப் புலவர்கள் மறுக்கலாம். மனைவியிடம் ‘ப்’ என்று சொல்லிப் பார்த்துவிட்டு அவர்கள் மறுக்கட்டும்.

இவ்வெழுத்துக்கு ஒரு வீழ்ச்சி வரலாறு உண்டு. பாட்டி கதை சொன்ன காலத்தில் ‘உம் கொட்டுடா’ என்பாள். உம் நின்றால் பேரன் தூங்கிவிட்டான் என்று பொருள், கதையும் நிற்கும். அன்று ‘உம்’ விழித்திருப்பதற்குச் சான்று. இன்று அதே பேரன் கண் திறந்தபடி தூங்கிக்கொண்டு ‘ம்’ போடுகிறான்.

மேலையார் இதன் ஓரத்தைத் தொட்டிருக்கிறார்கள். 1953இல் இங்கிலாந்தின் காலின் செர்ரி, ஆட்களின் இரண்டு காதிலும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கவிட்டு, ஒரு காதில் விழுவதை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லச் செய்தார். மறு காதில் பேச்சு ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு மாறியதையே அவர்கள் கவனிக்கவில்லை. ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவது என்று நாம் சொல்வதைச் சற்றுத் திருத்தவேண்டும்; மறு காது வாங்குவதே இல்லை. 1959இல் நெவில் மோரே அந்த மறு காதில் கேட்பவரின் பெயரைச் சொல்லிப் பார்த்தார். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் கேட்டது. ‘எத்தனை வாட்டி கூப்பிடறது?’ என்று நம் வீடுகளில் எழும் கேள்விக்கு இதுவே விடை.

‘இப்ப நான் என்ன சொன்னேன்?’ என்னும் மனைவியரின் சோதனை முறையும் ஆராயத்தக்கது. கேட்காத பேச்சின் வால்கூடச் சில விநாடிகள் தலைக்குள் நிற்கும். 1967இல் உல்ரிக் நைசர் இதற்கு எதிரொலி நினைவு என்று பெயரிட்டார். கேள்வி உடனே வந்தால் வாலைப் பிடித்து “தைக்கக் குடுத்த செருப்பு” என்று தப்பிவிடலாம். பத்தாண்டு இல்லறத்துக்குப் பின் அந்தக் கேள்வி உடனே வருவதில்லை. தாளித்து இறக்கிவிட்டு வருகிறது.

முன்னோர் பெருமை பேசாவிட்டால் தமிழில் அது ஆய்வாகாது. 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்து காட்டினார். நூறு கவனம். அவதானிகளின் முதுகில் கல்லோ பூவோ எறிவார்கள். அதை எண்ணிக்கொண்டே வெண்பாவுக்கு ஈற்றடியும் முடிக்கவேண்டும், கணக்குக்கு விடையும் சொல்லவேண்டும். பயிற்சியால் கைவந்தது அது. பயிற்சி இல்லாத மூளையின் உடனடி நினைவில் ஏழு, இரண்டு கூடக் குறைய, நிற்கும் என்று ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். 2001இல் நெல்சன் கோவன் அதை நாலாகக் குறைத்தார். நூற்றாண்டுக்குள் நூறிலிருந்து நாலு. பாரிவாக்கத்தில் இன்னும் குறைகிறது.

முடிவுகள்: பூந்தமல்லி போய்வந்த இவ்வாய்வாளரின் பையில் இருந்தவை இரண்டு. தைத்த செருப்பு, நாலு கிலோ வெங்காயம். முன்னது எதிரொலியின் கொடை. பின்னது எந்தக் காதின் வழியாக நுழைந்தது என்பதை அடுத்த ஆய்வு சொல்லும். மாத்திரையை அப்பாவே நடந்து போய் வாங்கிக்கொண்டார். தயிர் இன்னும் வரவில்லை.