ஆறு சக்கரத்து வள்ளல்

பெங்களூரில் பாரம் ஏற்ற டீசல் லாரி வாங்குகிறவர்கள் பலர். அவர்களில் ஒருவரைப் போற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். பெயர் சொல்லத் தேவையில்லை. யஷ்வந்த்பூர் லாரி முனையத்திலும், கலாசிபாளையத்து டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் வாசல்களிலும், பீன்யா தொழிற்பேட்டையிலும் அவரைத் தினமும் பார்க்கலாம். கல்வி, வீரம், கொடை என்று மூன்றை வைத்து நம் புலவர்கள் அரசர்களைப் பாடினார்கள். மூன்றும் இந்த முதலாளியிடம் நிறைந்திருக்கின்றன. ஐயா, இந்தப் பாராட்டு உங்களுக்கு.

முதலில் உங்கள் கல்வி. எந்தச் சரக்கு, நடைக்கு எத்தனை டன், வழியில் எவ்வளவு ஏற்றம், எவ்வளவு இறக்கம் என்று எழுதிப் பார்த்து அதற்கேற்ற வண்டியைத் தேடுவது மற்றவர்கள் வழக்கம். அதற்கு ஒரு மாதம்கூட ஆகும். நீங்கள் அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறீர்கள். ஃபைனான்ஸ்காரர் சொல்லும் மாதத் தவணை எந்த வண்டிக்குக் குறைவோ அதுவே உங்கள் வண்டி. ஆறு சக்கரத்துக்குத் தவணை குறைவு. ஆகவே ஆறு சக்கரம். சரக்கு எதுவானாலும் அதில் அடங்கியாக வேண்டும்.

அடங்க வைக்கும் கணக்கு உங்களுக்குத் தெரியும். 2018 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியது. முன் அச்சுக்கு 6 டன் என்றிருந்தது 7 ஆனது. நாலு டயர் கொண்ட பின் அச்சுக்கு 10.2 என்றிருந்தது 11.5 ஆனது. ஆக ஆறு சக்கர லாரி சரக்கோடு சேர்த்து 18.5 டன் இருக்கலாம். சேஸிஸ், கேபின், பாடி எல்லாம் சேர்ந்து ஆறரை டன் என்று வைத்துக்கொண்டால் சரக்குக்கு மிஞ்சுவது 12 டன். எம்-சாண்டு ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, ஏறக்குறைய நாலரை டன். இரண்டரை யூனிட்டைத் தாண்டிக் கொஞ்சம் போட்டாலே வரம்பு முடிந்துவிடும். நீங்கள் நாலு யூனிட் போடுகிறீர்கள், 18 டன். அரசு சுமையின் முடிவு என்று சொன்ன இடம் உங்களுக்குச் சுமையின் நடுவழி. மணல் நனைந்திருந்தால் தண்ணீரின் எடை தனி. அதையும் நீங்கள் மறுப்பதில்லை.

எஞ்சின் தேர்விலும் உங்கள் தெளிவு பெரிது. குதிரைத்திறன் எத்தனை, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற இரண்டு கேள்விகளோடு ஷோரூமை விட்டு வெளியே வருகிறீர்கள். நின்ற பாரத்தை நகர்த்துவது டார்க். அதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது கியரும் கிரவுன் பினியன் விகிதமும். விகித எண் கூடினால் ஏற்றத்தில் இழுவை கிடைக்கும். குறைந்தால் சமதளத்தில் மைலேஜ் கிடைக்கும். கல்குவாரிப் பள்ளத்திலிருந்து 18 டன்னோடு மேலேற வேண்டிய வண்டிக்கு நீங்கள் சமதள மைலேஜைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். மிச்சமான டீசல் காசு கிளட்ச் பிளேட் கடைக்குப் போய்ச் சேருகிறது.

உங்களைப் பார்த்துப் பொறியாளர்களும் கற்க வேண்டும். ஓசூரில் அசோக் லேலண்டு, தார்வாடில் டாடா, ஹொஸகோட்டேயில் வால்வோ, சென்னைக்கு அருகே ஒரகடத்தில் பாரத்பென்ஸ் என்று கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் பெரிய ஆலைகள் இருக்கின்றன. வண்டியை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, பிரேக்கைச் சூடேற்றிப் பார்த்து, இவ்வளவுதான் தாங்கும் என்று ஒரு தகட்டில் எழுதி ஒட்டுகிறார்கள். நீங்கள் அந்தத் தகட்டை ஒரே மதியத்தில் பட்டைக் கடையில் திருத்திவிடுகிறீர்கள். ஸ்பிரிங் செட்டில் கூடுதலாக இரண்டு பட்டை, பக்கப் பலகைக்கு மேல் இன்னொரு பலகை. அதன் பிறகு 18 டன் ஏற்றியும் வண்டி உட்காராமல் நிமிர்ந்து நிற்கிறது. பட்டை மட்டும்தான் தடித்தது. அச்சு, ஹப் பேரிங், பிரேக் டிரம், டயர், ஸ்டீயரிங் எல்லாம் தகட்டில் எழுதிய எடைக்குச் செய்த அதே பொருள்கள்.

அல்சூர் ஏரிக்கரையில் பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையை நீங்களும் கடந்து போயிருப்பீர்கள். அளவு மீறினால் மயிலிறகு ஏற்றிய வண்டிக்கும் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் எச்சரித்தவர் அவர். அவருக்கு மயிலிறகிடமே அச்சம் இருந்தது. உங்களுக்குக் கருங்கல் ஜல்லியிடமும் இல்லை.

அடுத்து உங்கள் வீரம். அதைக் காண வேண்டுமானால் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் நோக்கி இறங்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை 44-இல் தொப்பூர் கணவாய் வருகிறது. பெங்களூரிலிருந்து தெற்கே போகும் லாரிக்காரர் ஒவ்வொருவருக்கும் அந்த இறக்கத்தைத் தெரியும். அங்கே நேர்ந்த விபத்துகளையும் தெரியும். சுமை வண்டியை அங்கே கீழ் கியரில், எக்ஸாஸ்ட் பிரேக்கின் துணையோடு, எஞ்சினே பிடித்துக்கொள்ளும்படி இறக்க வேண்டும். உங்கள் வண்டியில் டீசல் கணக்கு இறுக்கமானது. ஆகவே டிரைவர் நியூட்ரலில் விடுகிறார். எஞ்சின் கைவிட்ட பாரம் முழுவதும் பிரேக் மேல் வந்து விழுகிறது. கூடுதலான ஒவ்வொரு டன்னும் கூடுதல் சூடு. டிரம் சூடேறி விரிய, லைனிங் பிடிப்பிழக்க, ஒரு கட்டத்தில் பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. முன்னால் போகும் காரில் ஒரு குடும்பம் இருக்கும்.

இத்தனையும் தெரிந்தே அந்த வண்டியை அந்த இறக்கத்துக்கு அனுப்புகிற நெஞ்சுரம் எல்லாருக்கும் வாய்க்காது. அனுப்பும்போது உங்கள் கை நடுங்குவதில்லை. அந்த வண்டியில் நீங்கள் ஏறியதும் இல்லை.

வீரத்தில் உங்களுக்கு ஈடாக நிற்க முடியாமல் பெங்களூரின் மேம்பாலமே தோற்றது. தும்கூர் சாலையில் பீன்யா மேம்பாலத்தின் கம்பிவடங்கள் பழுதானது தெரிந்ததும் 2021 டிசம்பரில் அதை மூடினார்கள். சில வாரங்களில் கார்களுக்குத் திறந்தார்கள். கனரக வண்டிகள் மீண்டும் ஏற 2024 ஜூலை வரை ஆனது. தாங்கும் வலிமையில் சந்தேகம் வந்ததும் பொறியாளர்கள் சுமையைக் குறைத்தார்கள். உங்கள் வண்டியின் பட்டை முறிந்தபோது நீங்கள் இன்னொரு பட்டையைச் சேர்த்தீர்கள்.

கடைசியாக உங்கள் கொடை. இதை எழுத ஓர் இதழ் போதாது.

நகரத்துக்குக் கொடுக்கிறீர்கள். ஓர் அச்சு சாலைக்குச் செய்யும் சேதம் அச்சுச் சுமையின் நான்காம் படிக்கு ஏற்ப வளர்கிறது என்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனை காட்டியது. உங்கள் கூடுதல் 6 டன்னில் நாலரை டன் பின் அச்சில் இறங்கினால் 11.5 டன் 16 ஆகிறது. அந்த அச்சு செய்யும் சேதம் ஏறக்குறைய நாலு மடங்கு. வாடகையில் உங்களுக்கு வந்தது ஒன்றரை மடங்கு. மிச்சத்தை ஸ்கூட்டரில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் விழுந்து எழுகிறவர்களுக்கு விட்டுக்கொடுத்தீர்கள்.

காற்றுக்குக் கொடுக்கிறீர்கள். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் புது டீசல் லாரிகள் பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி வருகின்றன. புகையின் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியா கரைசல் ஊற்ற வேண்டும். அந்தச் செலவு உங்களுக்கு வீணாகத் தோன்றியது. யூரியா இருப்பதாக வண்டியின் கம்ப்யூட்டரை நம்பவைக்கும் சிறு கருவியைப் பொருத்திக்கொண்டீர்கள். நச்சு சுத்திகரிக்கப்படாமல், பீன்யாவின் தெருக்களில் பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளின் மூச்சுக்கு அப்படியே போய்ச் சேருகிறது.

சாலையோரத்துக் கைகளுக்கும் கொடுக்கிறீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவு 2019 செப்டம்பர் முதல் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. உங்கள் 6 டன்னுக்கு 32,000 ரூபாய். அதிகச் சரக்கை இறக்கிவைத்த பிறகே வண்டி நகர வேண்டும். 2005 நவம்பரில் பரம்ஜித் பசின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. இவ்வளவு பெரிய தொகையைக் கருவூலத்துக்குக் கட்டி அரசுக்கு வேலை வைக்க வேண்டாம் என்று, மாமூலாக அங்கங்கே பிரித்துக் கொடுத்துவிடுகிறீர்கள். அதே சட்டம் ஓட்டுகிறவரை மட்டும் குறிப்பிடவில்லை. ஓட்டச் செய்கிறவரையும் ஓட அனுமதிக்கிறவரையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. அந்தப் பெருமையை மட்டும் டிரைவருக்கே விட்டுவைத்தீர்கள்.

எல்லாவற்றிலும் பெரிய கொடை உங்கள் தொழிலுக்கே நீங்கள் கொடுத்தது. 36 டன் சரக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி ஏற்றினால் மூன்று ஆறு சக்கர லாரிகளுக்கு வேலை. நீங்கள் இரண்டிலேயே முடித்துவிட்டீர்கள். மூன்றாவது லாரி நெலமங்கலாவில் சும்மா நிற்கிறது. தவணை நாள் நெருங்க, அதன் முதலாளி கிடைத்த வாடகைக்கு இறங்கி வருகிறார். அடுத்த மாதம் எல்லாருடைய வாடகையும் அந்த அளவுக்கு இறங்குகிறது. இறங்கிய வாடகையில் தவணை கட்ட இன்னும் அதிகமாக ஏற்ற வேண்டியிருக்கிறது. டீசல் விலையும் சுங்கக் கட்டணமும் தாங்கவில்லை என்று 2025 ஏப்ரலில் கர்நாடக லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் குறை நியாயமானது. அதோடு தம் வண்டிகளின் கூடுதல் பாரமே தம் வாடகையைத் தின்கிறது என்பதையும் அன்றைக்குச் சேர்த்துப் பேசியிருக்க வேண்டும்.

பாராட்டு இத்துடன் போதும், ஐயா. புதிதாக லாரி வாங்கப் போகிறவர்களிடம் நேராகவே சொல்கிறேன். முதலில் சரக்கை எடை போடுங்கள். தினமும் 18 டன் உண்டு என்றால் பத்துச் சக்கர வண்டியை வாங்குங்கள். முன் அச்சில் 7 டன்னும் பின் இரட்டை அச்சில் 21 டன்னும் அதற்கு அனுமதி உண்டு. வண்டி பத்து டன் இருந்தாலும் சரக்குக்கு 18 டன் முழுதாக நிற்கும். தவணை கூடும், டயரும் கிளட்சும் பட்டையும் அபராதமும் குறையும். குதிரைத்திறனோடு டார்க்கையும் கிரவுன் விகிதத்தையும் கேளுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக் சரியாக வேலை செய்கிறதா என்று டிரைவரை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பாடி கட்டும்போது அதன் எடையைக் கேளுங்கள். பாடியில் கூடும் ஒவ்வொரு கிலோவும் சரக்கில் குறைகிறது. 12 டன் வண்டியை வாங்கினால் 12 டன் ஏற்றுங்கள்.

வீடு கட்டுகிறவர்களுக்கும் பில்டர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆறு சக்கர லாரியில் நாலு யூனிட் மலிவாக வந்து இறங்கும்போது மிச்சத்தை யாரோ ஒருவர் தொப்பூர் இறக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கிறார். எடைமேடைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வரம்பு மீறி வந்த லாரியின் சரக்கை ஏற்க மறுத்துவிடுங்கள். அளவு மீறி ஏற்றும் முதலாளியை இந்த ஊர் திறமைசாலி என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அவர் செய்வது குற்றம். அதைக் குற்றம் என்றே சொல்லுவோம்.