பாட்டியிருக்க பயமேன்

ஓசூரில் தொழில் தொடங்க வருகிறவர்களிடம் நீட்டப்படும் வசதிப் பட்டியல் நீளமானது. நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு, நெடுஞ்சாலை, மலைக்காற்று, சிப்காட் மனைகள். 2025 செப்டம்பர் 11 அன்று இங்கே நடந்த முதலீட்டாளர் மாநாட்டில் மட்டும் 24,307 கோடி ரூபாய்க்கு 92 ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகள் வந்துபோக 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று 2024-லேயே சட்டமன்றத்தில் அறிவித்தாயிற்று. இவ்வளவையும் சொன்னவர்கள், தற்பெருமையாகிவிடும் என்று அஞ்சியோ என்னவோ, ஒரு வசதியை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பட்டியலில் முதலில் வந்திருக்க வேண்டியது அது. பாட்டி.

பாட்டிக்கு மனை ஒதுக்க வேண்டாம். தன் சொந்தக் காட்டையும் மாட்டையும் ஊரில் விட்டுவிட்டு அவளே வந்துவிடுவாள். பி.எஃப் வேண்டாம், இ.எஸ்.ஐ வேண்டாம், தீபாவளி போனஸ் வேண்டாம். சங்கம் வைக்க மாட்டாள், கேட் முன்னால் கொடி நட மாட்டாள். ஆள் எடுக்க விளம்பரமும் தேவையில்லை. "அம்மா, கொஞ்ச நாள் வந்து இருந்துட்டுப் போ" என்று மகன் ஒரு போன் போட்டால் போதும். அஞ்செட்டியிலிருந்தோ ஊத்தங்கரையிலிருந்தோ ஒரு கட்டைப்பை, ஒரு மாத்திரை டப்பாவோடு வந்து இறங்கிவிடுவாள். அந்தக் 'கொஞ்ச நாள்' பேரன் ஒன்றாம் வகுப்பு போகும்வரை நீளும். ஒப்பந்தத் தொழிலாளர் முறையை நாம் ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறோம். நம் குடும்பங்கள் அதில் எப்போதோ கைதேர்ந்துவிட்டன.

நிர்வாகத் திறனைப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலையில் ஏதாவது ஒரு லைன் வீட்டுப் பக்கம் போங்கள். ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு அம்மா கிளம்ப வேண்டும். யூனிஃபார்மைக் கண்டால் குழந்தை அழும். அதனால் யூனிஃபார்ம் பைக்குள் போகும், அடையாள அட்டை பர்ஸுக்குள் போகும். பாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் கோழி காட்டப் போவாள். கோழி இன்னும் எழுந்திருக்காது. அதற்குள் அம்மா தெருமுனையில் கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். ஒரு நிமிடம் பிசகாது. ஜப்பான்காரர்கள் வந்து பாடம் படிக்கலாம்.

நைட் ஷிப்ட் வாரம் வந்தால் இன்னும் நேர்த்தி. இருப்பது ஒரே அறை. இரவெல்லாம் நின்று வேலை பார்த்தவள் பகலில் அங்கேதான் தூங்க வேண்டும். ஆகவே பாட்டி களிக் கிண்ணமும் கையுமாகக் குழந்தையோடு வெளியே வந்துவிடுவாள். வேப்பமரத்தடியிலோ கோயில் திண்ணையிலோ மதியம்வரை வாசம். அங்கே இன்னும் நாலைந்து பேர் அதே காரணத்துக்காக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பிள்ளை ஆயா என்று கூப்பிடும், ஒன்று அவ்வா என்னும், மற்றொன்று அஜ்ஜி என்னும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கட்டணமில்லாமல் கற்றுத்தரப்படும். ஒரு குழந்தைக்கு ஓர் ஊழியர் என்ற விகிதம் எந்த நாட்டுக் காப்பகத்திலும் கிடைக்காது. கூரை இல்லை, கழிப்பறை இல்லை. குறை சொல்வதானால் அவ்வளவுதான்.

சட்டத்தின் பெருந்தன்மையையும் பாடியாக வேண்டும். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பக அறை வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். ஐம்பது பேர் வேலை செய்தாலே காப்பகம் வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றது மகப்பேறு நலச் சட்டத்துக்கு 2017-இல் வந்த திருத்தம். காப்பகத்தை ஒழுங்காக நடத்துகிற ஆலைகளும் இருக்கின்றன. ஆனால் அம்மா வருவதோ தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து. இருட்டில் கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் கைக்குழந்தைக்கு சீட் கிடையாது. காப்பகம் ஆலையில் இருக்கிறது, குழந்தை ஊரில் இருக்கிறது. சட்டம் இரண்டுக்கும் நடுவே கம்பீரமாக நிற்கிறது. பெண்கள் இரவில் வேலை செய்யக் கூடாது என்ற தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் நீக்கியது. நல்ல தீர்ப்பு. அந்த இரவில் பிள்ளை யாரிடம் தூங்கும் என்று யாரும் கவலைப்படவில்லை. பாட்டி இருக்கும்போது என்ன கவலை?

மகப்பேறு விடுப்பு 26 வாரம். இருபத்தேழாவது வாரம் பாட்டியுடையது. அதை எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. எழுதாமலே நிறைவேறுகிற ஒரே ஷரத்து அதுதான்.

அத்திப்பள்ளி தாண்டிய கர்நாடகத்துக்காரர்களுக்கு இந்தச் சூட்சுமம் பிடிபடவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்கென்று 'கூசின மனே' என்ற பெயரில் நாலாயிரம் கிராமப் பஞ்சாயத்துகளில் காப்பகம் திறப்பதாக 2023-இல் அறிவித்துச் செலவில் இறங்கிவிட்டார்கள். ஸ்வீடன் இன்னும் மோசம். பிள்ளை பார்க்கும் தாத்தா பாட்டிக்குப் பெற்றோர் தங்கள் விடுப்புப் படியில் 45 நாள்வரை மாற்றிக் கொடுக்கலாம் என்று 2024 ஜூலையில் சட்டமே கொண்டுவந்துவிட்டது. பாசத்துக்குப் போய்க் காசு கொடுக்கும் பண்பாடற்ற தேசம்!

நம் அரசு அப்படி அவமதிக்காது. முதியோர் உதவித்தொகையை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தியது. நாளைக்கு நாற்பது ரூபாய். எண்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதில் டெல்லியின் பங்கு 200. அதையும் வாங்க, தான் ஆதரவற்றவள் என்று அவள் காட்ட வேண்டும். மகன் கம்பெனியில் சம்பாதிக்கிறானே, பிறகென்ன ஆதரவற்றவள் என்று மனு திரும்பிவிடலாம். மகன் சம்பாதிப்பதே அவள் ஆதரவில்தான் என்பதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கையெழுத்துக் கேட்கும்போதும் அவளுக்குக் கட்டம் இல்லை. 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்துக் குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் தகப்பன், அவருக்குப் பின் தாய். இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சலில் விழித்திருப்பவள் பார்வையாளர்.

தகப்பன்மாரையும் விட்டுவிடக் கூடாது. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்கிற பெண்கள் நாளுக்கு 299 நிமிடம் அதற்குக் கொடுக்கிறார்கள் என்று வந்தது. ஆண்களில் அந்த வேலையைத் தொடுகிறவர்கள் கொடுப்பது 97. மீதி நேரத்தில் அவர்கள் வீணே இருப்பதில்லை. "எங்கம்மாவை என்னோடயே வச்சுப் பாத்துக்கிறேன்" என்று டீக்கடையில் சொல்லியாக வேண்டுமே. ஊரில் பிள்ளையை விட்டுவிட்டு பெங்களூரு கட்டட வேலைக்குப் போனவர்களும் சளைத்தவர்கள் அல்ல. ஞாயிற்றுக்கிழமை சிப்ஸ் பாக்கெட்டோடு வந்து, "பிள்ளையைச் செல்லம் குடுத்துக் கெடுத்துட்டே" என்று தாயைக் கண்டித்துவிட்டுத் திங்கள் காலை முதல் பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை செய்கிறவர்களிலும் பிள்ளையை அங்கே பாட்டியிடம் விட்டு வந்தவர்கள் உண்டு. ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு கிழவி ஓசூரின் உற்பத்திக்குப் பாடுபடுகிறாள், அவளுக்கு பஸ்கூட விட வேண்டியதில்லை.

சர்க்கரை, முட்டிவலி, தள்ளிப்போட்ட கண் ஆபரேஷன் என்று பாட்டியிடம் சில பராமரிப்புப் பிரச்சினைகள் உண்டு. கேட்டால் "இவன் பள்ளிக்கூடம் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்பாள். பழுதைத் தானே மறைத்துக்கொண்டு ஓடும் இயந்திரம் எந்த ஆலையிலும் இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த வசதி புதிதாக உற்பத்தியாவதில்லை. வீட்டோடும் காட்டோடும் கிடந்து, கூப்பிட்டதும் மறுபேச்சில்லாமல் வந்து நிற்கிற அந்தத் தலைமுறைக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. நாளைக்குப் பாட்டியாக வேண்டியவள் இப்போது ஆலைக்குள் நிற்கிறாள். உழைப்புக்குக் கூலி உண்டு, எட்டு மணி நேரம் என்று ஒரு கணக்கு உண்டு என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. குடியிருப்புக்குப் பக்கத்தில், ஷிப்ட் நேரத்துக்குத் திறந்திருக்கும் காப்பகம் கட்டுவது பெரிய தொல்லை, வீண் செலவு. ஆகவே முதலீட்டாளர்களே, கையிருப்பு தீர்வதற்குள் வாருங்கள்.