பரண் ஒரு காப்பகமா?

பழைய கேசட்டைத் தூக்கிப்போட நம் வீடுகளில் யாருக்கும் மனசு வராது. போட்டுக் கேட்கவும் யாருக்கும் நேரம் இராது. இந்த இரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம்தான் பரண். அங்கே ஏற்றிவிட்டால் கடமை முடிந்தது. அதன்பிறகு எது நடந்தாலும் பழி எலிமேல். ஆனால் நாடாவின் உடம்பு பரணுக்கு ஏற்றதல்ல. பக்கத்துக்கு 45 நிமிடம் ஓடும் சி-90 கேசட்டில் நாடாவின் கனம், பூச்சையும் சேர்த்து, சுமார் 12 மைக்ரான். அந்தப் பூச்சில் உள்ள இரும்பு ஆக்சைடுத் துகள்களில்தான் குரல் குடியிருக்கிறது. நாடா கேட்பது 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியும் குறைந்த ஈரப்பதமும். நாம் கொடுப்பதோ சித்திரை வெயிலும் ஐப்பசி ஈரமும். ரீலின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருப்பதைத் தூசி என்று நினைத்துவிட வேண்டாம். அது பூஞ்சணமாக இருக்கலாம். அப்படியே ஓடவிட்டால் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

“எல்லாப் பாட்டும் யூடியூபில் இருக்கிறதே?” என்பார்கள். நியாயமான கேள்வி. எக்கோ கம்பெனியின் கேசட் பூத்துப்போனதால் இளையராஜா காணாமல் போய்விட மாட்டார். என் வாதம் அவருக்காக அல்ல. வளைகுடாவிலிருந்து அப்பா பேசி அனுப்பிய கேசட்டும், “ஓடுதா?” என்று மைக்கைப் பார்த்துக் கேட்கும் பாட்டியின் குரலும் எந்த யூடியூபிலும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஷோகேஸில் கொலுவிருப்பது கடையில் வாங்கிய சினிமா கேசட். அதன் முதுகில் இருக்க வேண்டிய இரண்டு பிளாஸ்டிக் காதுகளும் இல்லாமலேயே கம்பெனி அனுப்பியதால் மேலே பதிய முடியாது. செல்லோடேப் ஒட்டி அதையும் ஜெயித்த மேதைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. பாட்டிக்கு அந்தக் காவல்கூடக் கிடையாது. தவறிப்போய் ஒரு கிரிக்கெட் வர்ணனையைப் பதிந்தால் ஆள் காலி.

“கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று, நாடா எதற்கு?” என்பது அடுத்த கேள்வி. நாடா பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். ஹார்ட் டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் மொத்தமாகப் போகும். இரண்டும் இருக்கட்டும்.

ஆகவே, அட்டையில் கையெழுத்து உள்ள கேசட்டுகளை முதலில் கீழே இறக்குங்கள். காதுகளை உடையுங்கள். பூஞ்சணம் இருந்தால் விஷயம் தெரிந்தவரிடம் கொடுங்கள். இல்லையென்றால் தொங்கும் நாடாவைப் பென்சிலால் இறுக்கி, ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் பதியுங்கள். பிறகு முழுக்கச் சுற்றி, டப்பாவில் போட்டு, அறை அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். பரணில் வெண்கலப் பானை இருக்கட்டும், அது தாங்கும்.