ஆணிப்படலம்: ஓசூர்ச் சுவர்களும் அவற்றில் தொங்குவனவும்

ஓசூரில் லாரி செய்கிறார்கள், பைக் செய்கிறார்கள், கைக்கடிகாரம் செய்கிறார்கள். 2002-இல் டைட்டன் வெளியிட்ட எட்ஜ் கடிகாரத்தின் உள் இயந்திரம் 1.15 மில்லிமீட்டர் கனம்தான். அதே ஊரில், ஷிப்ட் முடிந்து வீடு திரும்பியவர் தாத்தா படத்தை மாட்ட எடுப்பது மூன்றங்குல ஆணியும் அம்மிக் குழவியும். ஆலைக்குள் நட்டுக்கு நட்டு டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கியவர், வீட்டில் ஆணியை ஒருமுறை ஆட்டிப் பார்த்து, "நிக்கும் போ" என்கிறார். இம்முரண் இதுகாறும் அறிஞர் கண்ணில் படாதது வியப்பே. அக்குறை நீக்க எழுந்தது இந்நூல்.

முதலில் சொல்லாராய்ச்சி. இவ்வட்டார ஹார்டுவேர் கடைகளில் ஆணிக்கு மூன்று பெயர். தமிழர்க்கு ஆணி, தெலுங்கர்க்கு மேக்கு, கன்னடர்க்கு மொளெ. நம் வீட்டில் மாடு கட்டும் முளையும் அந்த மொளெயும் ஒரே வேர்ச்சொல். ஜூஜுவாடி எல்லை தாண்டிக் கர்நாடகத்து அத்திப்பள்ளி போய்ச் சேர்வதற்குள் மாடு கழன்றுபோய்ப் படம் ஏறிக்கொண்டது. கண்ணாடி அங்கே கன்னடி. ஆகவே அது கன்னடரின் கண்டுபிடிப்பு என்பார் உளராயின், மறுக்க.

இனி நூற்பா:

பாரம் நோக்கி ஆணி தேர்வோர்
சுவர்நோக் காமை இழுக்கென மொழிப.

உரை: பாரம் நோக்கல் எளிது. 5 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 12.5 கிலோ. மூன்றடிக்கு நான்கடி நிலைக்கண்ணாடி என்றால் கண்ணாடி மட்டுமே 14 கிலோ. தேக்குச் சட்டமும் பின்பலகையும் சேர 20-ஐ நெருங்கும். அதை ஒற்றை ஆணியில் கம்பி கட்டித் தொங்கவிடும்போது, கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டுவதே பாதுகாப்பு என்று ஊரே நம்புகிறது. கம்பி கிடைமட்டத்துக்கு 30 பாகை சாய்வில் இருந்தால் அதன் ஒவ்வொரு பக்கமும் 20 கிலோ இழுவை. 15 பாகைக்கு இறுக்கினால் ஏறக்குறைய 39 கிலோ. தொய்வே துணை. 'மொழிப' என்று பிறர்மேல் ஏற்றிச் சொன்னதனால், ஆசிரியர் வீட்டிலும் ஒன்று விழுந்திருக்கிறது என்பது குறிப்பு.

சுவர் நோக்கல்தான் அரிது. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கற்சுவர் வீடுகளில் சிக்கல் இல்லை: கல்லில் ஆணி இறங்காது, இடுக்கில் மரக்கட்டை அடித்து அதில் மாட்டினார்கள். செங்கல் சுவர் நல்லது. பூச்சு தாண்டி உள்ளே போனால் பிடித்துக்கொள்ளும். பலர் பூச்சோடு நின்றுவிடுகிறார்கள். அரையங்குலப் பூச்சு கண்ணாடியைத் தாங்குவதற்காகப் பூசப்பட்டதன்று.

வாடகை வீடுகளின் ஹாலோ பிளாக்குக்குத் தனி இயல் வேண்டும். டிரில் முதல் ஓர் அங்குலம் முக்கும். பிறகு சட்டென்று முழுதும் உள்ளே போகும். "அடடா, எவ்வளவு சுளுவாப் போகுது!" என்று மகிழும் அக்கணமே தோல்வி. உள்ளே வெற்றிடம். ரால் பிளக் பிடிக்க ஆளில்லாமல் ஸ்க்ரூவோடு சேர்ந்து சுற்றும். அங்கே தேவை, உள்ளே போய்ச் சிறகு விரித்து ஓட்டின் பின்புறத்தைப் பற்றும் டாகிள் போல்ட்.

ரால் பிளக் என்ற பெயர் லண்டன்காரர் ஜான் ஜோசப் ராலிங்ஸிடமிருந்து வந்தது. 1911 வாக்கில், பிரிட்டிஷ் மியூசியச் சுவரைக் கெடுக்காமல் மின்சாதனம் பொருத்தச் சணல் நாரை விலங்கு ரத்தத்தில் ஒட்டி அவர் செய்தது அது. ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் 1958-இல் நைலானுக்கு மாற்றியதால் இன்று அதைச் சைவர்களும் வாங்கலாம்.

நம் பாட்டனார்களின் முறை இவை எல்லாவற்றினும் மேல் என்பது என் துணிபு. படத்தின் அடிச்சட்டம் இரண்டு ஆணிமேல் உட்காரும். மேலே ஒரு கயிறு, முன்னால் கவிழாதபடி பிடித்துக்கொள்ள மட்டும். பாரம் கீழே, பிடி மேலே. படம் சற்றே முன்சாய்ந்து வீட்டாரைக் கண்காணிக்கும். அம்முறையில் மாட்டிய தாத்தாக்கள் அவ்வளவு எளிதில் விழுவதில்லை.

ஆய்வின் நிறைவாக, என் வீட்டுக் கண்ணாடியை மாட்ட ஆணி வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடியின் எடையைக் கேட்கவே இல்லை. "சுவரு என்னதுங்க சார்? செங்கல்லா, ஹாலோ பிளாக்கா?" என்றார். ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சுவரில் காதை வைத்து விரல் முட்டியால் தட்டினேன். ஓர் இடத்தில் டொக், ஓரிடத்தில் டொம். நாலாவது தட்டுக்குள் கீழ்வீட்டு ஓனரம்மா படியேறி வந்துவிட்டார்.

"ஆணி கீணி அடிக்கிறீங்களா?"

"இல்லீங்கம்மா, தட்டித்தான் பாக்கறேன்."

"அட்வான்ஸ்ல புடிச்சுக்குவேன், சொல்லிட்டேன்."

கண்ணாடி இப்போது தரையில், சுவரோடு சாய்ந்து நிற்கிறது. அதில் எனக்கு முழங்கால் வரை தெரிகிறது.