வாடகைச் சிங்கம்

எங்கள் புறநகர் வேப்பம்பட்டில் ரயில்வே மேம்பாலம் பாதியில் நின்றிருந்த ஆண்டுகளில் சென்னைக்கென்று ஓர் அணி பிறந்தது, பெயர் மாற்றிக்கொண்டது, செத்தும் போனது. பாலத்துக்காவது தூண் மிஞ்சியது.

அணியின் பெயர் சென்னை 5ஸ். 2016 ஜூலை 15 முதல் 24 வரை நடந்த பிரீமியர் ஃபுட்சாலில் நம் ஊர்ப் பெயரைச் சுமந்த அணி அது. ஃபுட்சால் என்றால் கூரைக்குக் கீழே, பக்கத்துக்கு ஐந்து பேர், நாற்பது மீட்டர் தரையில், அதிகம் எம்பாத பந்தை வைத்து ஆடுவது. எங்கள் பையன்கள் காலி மனையில் ஆடுவதும் ஏறக்குறைய இதுதான். கூரை கிடையாது, ஸ்பான்சர் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தொடக்க ஆட்டங்கள் நடந்தது பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்கத்தில். வேப்பம்பட்டில் மின்சார ரயில் ஏறி, மூர் மார்க்கெட்டில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். வழியில் வியாசர்பாடி ஜீவா நிலையம் வரும். கால்பந்து தானாக முளைக்கும் மண் அது. யாரும் அதற்கு லோகோ வரைந்து கொடுக்கவில்லை. இந்தப் போட்டிக்கோ லூயிஸ் ஃபிகோ தலைவர், விராட் கோலி தூதர். ஏ.ஆர். ரஹ்மான் போட்ட மெட்டைக் கோலியே பாடினார். முதல் ஆட்டம் சென்னையில், இசை சென்னைக்காரர், பாட்டு மட்டும் இந்தி.

அணிக்கொரு நட்சத்திரம்: மும்பைக்கு ரயன் கிக்ஸ், பெங்களூருக்கு பால் ஸ்கோல்ஸ், கொல்கத்தாவுக்கு கிரெஸ்போ, கொச்சிக்கு சல்காடோ, கோவாவுக்கு ரொனால்டினோ. எல்லோரும் பெரிய மைதானத்தில் ஓடி முடித்தவர்கள். நமக்கு வாய்த்த பிரேசில்காரர் ஃபால்காவ் ஒருவர்தான் இந்த ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவர், அதில் உலகமே கொண்டாடிய கலைஞர். அந்த ஒரு விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன். ரொனால்டினோ ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் போட்டார், தொடரின் பாதியில் கிளம்பிவிட்டார். அவர் இடத்துக்கு கஃபூ வந்தார். கல்யாணக் கச்சேரியில்கூட பாகவதர் மங்களம் பாடிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

இன்னொரு பக்கம் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு எழுந்து நின்று, "இதற்கு எங்கள் அங்கீகாரம் இல்லை" என்றது. அமைப்பாளர்கள் வேறொரு சங்கத்தின் சீட்டை எடுத்து நீட்டினார்கள். ஐயா கூட்டமைப்பே, அன்றைக்கு உங்களிடம் ஃபுட்சால் என்று என்ன இருந்தது? கிளப்புகளுக்கான உங்கள் ஃபுட்சால் போட்டி வந்தது 2021இல். தேசிய ஆடவர் அணி வெளிநாட்டோடு மோதியது 2023இல். 2016இல் கையில் இருந்தது ஒரு ரப்பர் முத்திரை. அதையும் 2022 ஆகஸ்டில் ஃபிஃபா சில நாட்கள் பிடுங்கி வைத்திருந்தது. சமைக்கத் தெரியாதவர், பக்கத்து வீட்டு அடுப்புக்கு லைசென்ஸ் கேட்டார்!

2017இல் அணிக்கு 'சென்னை சிங்கம்ஸ்' என்று புதுப்பெயர். மூன்றாவது சீசன் வரவே இல்லை. சிங்கம் எங்கே என்று இந்த ஊரில் ஒருவரும் தேடவில்லை. நடிகரின் நாய்க்குட்டிக்குப் பிறந்தநாள் போஸ்டர் ஒட்டும் ஊரில், கலைப்பதற்கு ஒரு ரசிகர் மன்றம்கூட அதற்கு இல்லை. ஊர்ப் பெயரை வாடகைக்கு எடுத்தார்கள், காலி செய்தார்கள். அட்வான்ஸ்கூடக் கொடுக்கவில்லை.

இந்தியக் கால்பந்தின் எதிர்காலம் என்று சொல்லித்தான் இப்படிப்பட்ட கடைகளைத் திறக்கிறார்கள். எதிர்காலம் ஆட ஓர் இடம் வேண்டாமா? 3,000 சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவு பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 2019 விதி. கூடவே ஒரு சந்தும் வைத்திருக்கிறது: 10,000 சதுர மீட்டருக்குள் இருந்தால், இடத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டிவிடலாம். பையன்கள் எங்கே ஆடுவார்கள்? ரசீதின் மேல் ஆடுவார்கள். கார்னர் அடிக்க இடம் போதாதென்றால் ரசீதின் பின்பக்கம் இருக்கிறது.

அதனால்தான் புறநகரெங்கும் செயற்கைப் புல்லும் வலையும் முளைத்திருக்கின்றன. டர்ஃப், மணிக்கு இவ்வளவு. ஐந்து பேர் ஆட்டம் கடைசியில் நம்மிடம் வந்தேவிட்டது, மீட்டர் போட்டுக்கொண்டு.

நாளைக்கு இன்னொரு லீக்காரர் கோட்டு சூட்டோடு வந்து, சென்னை என்ற பெயர் வேண்டும் என்பார். கொடுங்கள். ஆனால் பெயருக்கும் ஒரு வழிகாட்டி மதிப்பு நிர்ணயித்து, முன்பணமாக வசூலித்துவிட்டுக் கொடுங்கள். வேப்பம்பட்டில் இரண்டு கோல் கம்பம் நட்டுக்கொள்கிறோம், மனை போடாத இடம் எங்காவது மிச்சமிருந்தால்.